மூன்றாம் சரணத்து மூச்சு

நர்ஸ்: ...அதனால மைக் முன்னாடி நான் போக மாட்டேன். என் பேரை எடுத்துடு.

லிஃப்ட்காரர்: எப்படிக்கா எடுக்கறது? அழைப்பிதழ்லயே அச்சாயிடுச்சு. "ஒரு நிமிட மௌனத்துக்குப் பதிலாக, அண்ணன் நமக்குத் தந்த ஓர் அடி மௌனம். விளக்கவுரை: ரசிகர் மன்றத் தலைவி, எலும்பு வார்டு சிஸ்டர் அவர்கள்."

நர்ஸ்: இதை எழுதினது யாரு?

லிஃப்ட்காரர்: நான்தான்.

நர்ஸ்: கையை உடைக்கணும்.

லிஃப்ட்காரர்: இன்னிக்கு வேணாம்க்கா. அஞ்சு மணிக்கு அந்தக் கையில வேலை இருக்கு. நாளைக்கு உடைங்க, உங்க வார்டுலயே வந்து படுத்துக்கறேன்.

நர்ஸ்: விளையாடாதே. முந்நூறு பேர் வரப் போறாங்க. அண்ணன் போய் ஒரு வருஷம் ஆகுது. மேடையில அவர் டிரம்ஸ் இருக்கும், அவர் இருக்க மாட்டார். அதுக்குப் பக்கத்துல நின்னுகிட்டு நான் பொய் சொல்லணுமா?

லிஃப்ட்காரர்: இதுல என்ன பொய்? குடைப் பாட்டுல மூணாவது சரணம் தொடங்கறப்போ, அண்ணன் ஒரு அடியை விடுவார். கிட்டார், பேஸ், பாட்டு, எல்லாம் கப்சிப். ஒரே ஒரு அடி. அப்புறம்... டம்! அதுக்கு நாம மூச்சுன்னு பேர் வச்சோம். உலகமே அறிஞ்ச விஷயம்.

நர்ஸ்: உலகம் எங்கேடா அறிஞ்சுது? நம்ம மன்றம் அறிஞ்சுது.

லிஃப்ட்காரர்: அதுதானேக்கா நம்ம உலகம்.

நர்ஸ்: அந்த மூச்சு அண்ணன் தந்தது இல்ல.

லிஃப்ட்காரர்: பின்ன?

நர்ஸ்: பிளாஸ்திரி.

லிஃப்ட்காரர்: ...என்னது?

நர்ஸ்: பிளாஸ்திரிடா. காயத்துக்கு ஒட்டற பிளாஸ்திரி. இருபத்திரண்டு வருஷம் முன்னாடி, அவங்க முதல் கேசட் வந்த வாரம், என் டேப் ரெக்கார்டர் அதைச் சவைச்சுடுச்சு. இழுத்தா வந்துகிட்டே இருக்கு, குடல் மாதிரி. ஒரு விரல் அகலத்துக்குக் கசங்கி நாசமாப் போச்சு. அதை வெட்டித் தூக்கிப் போட்டேன்.

லிஃப்ட்காரர்: ஐயோ!

நர்ஸ்: வெட்டின ரெண்டு முனையையும் சேர்த்து ஒட்டியிருந்தா பாட்டு ஒரு குதி குதிச்சுட்டு ஓடியிருக்கும். எனக்கு என்ன தெரியும்? நான் நர்ஸ். நடுவுல ஓட்டை இருந்தா மூடித்தான் பழக்கம். போன துண்டு எவ்வளவோ அவ்வளவு பிளாஸ்திரியை நடுவுல வச்சு ஒட்டினேன். பிளாஸ்திரி பாடுமா? அது ஓடற நேரத்துக்குச் சத்தமே கிடையாது. அவ்வளவுதான். அதான் மூச்சு.

லிஃப்ட்காரர்: ஐயோ ஐயோ ஐயோ!

நர்ஸ்: மெதுவா! பக்கத்து ரூம்ல அண்ணன் பேண்டோட பேஸ் கிட்டார்காரர் இருக்கார்.

லிஃப்ட்காரர்: அக்கா, என்னால நம்பவே முடியல. நம்ப முடியவே இல்லைக்கா. பிளாஸ்திரியா! மருந்துக் கடையில விக்கறதா?

நர்ஸ்: இல்ல, ஆஸ்பத்திரியிலேர்ந்து எடுத்துட்டு வந்தது. அந்தப் பாவம் தனி. அதோட நின்னுச்சா? கடையில கேசட் தீர்ந்து போச்சு, கம்பெனி திரும்பப் போடல. மன்றத்துக்கே ஒரு கேசட்தான், அது என்னோடது. அதை நீதானே வாங்கிட்டுப் போய் எல்லாருக்கும் காப்பி போட்டே?

லிஃப்ட்காரர்: முதல்ல பதினொண்ணு. அப்புறம் எண்ணலை.

நர்ஸ்: அந்தக் காப்பியிலேர்ந்து காப்பி, அதுலேர்ந்து காப்பி. இந்த ஊர் பூரா என் பிளாஸ்திரி பரவிடுச்சு. ஒரிஜினல் வச்சிருந்தவங்க ரெண்டு பேர் வந்தாங்களே, ஞாபகம் இருக்கா?

லிஃப்ட்காரர்: "இதுல மூச்சே இல்ல, இது டூப்ளிகேட்"னு சொல்லி, பாவம்னு நம்ம காப்பியைக் கொடுத்து அனுப்பினோம்.

நர்ஸ்: இப்ப போன்ல அந்தப் பாட்டு வந்ததும் என்ன ஆச்சு? அதுலயும் மூச்சு இல்ல. "அண்ணன் வச்ச மூச்சைக் கம்பெனி வெட்டிடுச்சு"ன்னு மனு எழுதினது யாரு?

லிஃப்ட்காரர்: அது... நான்தான். நூத்திப்பத்து கையெழுத்து.

நர்ஸ்: முதல் கையெழுத்து என்னோடது. போட்டுட்டு மூணு நாள் சோறு இறங்கல எனக்கு.

லிஃப்ட்காரர்: சரிக்கா, ஒரு நிமிஷம். அப்ப அண்ணன் கச்சேரியில மூச்சு விட்டாரே? என் ரெண்டு கண்ணால பார்த்தேனே! அதுக்கு என்ன சொல்றீங்க?

நர்ஸ்: அதுதான் எனக்கும் புரியல. முதல் கச்சேரியில விடல. நாம எல்லாரும் கையைத் தூக்கி நிறுத்தி, மூச்சைப் பிடிச்சுகிட்டு நின்னோம். அவர் பாட்டுக்கு டும்மு டும்முனு போனார்.

லிஃப்ட்காரர்: "நம்மளைச் சோதிக்கிறார்"னு சொன்னோம்.

நர்ஸ்: சொன்னது நீ. நான் வாயைத் திறக்கல. ரெண்டாவது கச்சேரியில கரெக்டா விட்டார். எனக்கு மயக்கமே வந்துடுச்சு. என் தப்பு அவருக்கு எப்படித் தெரிஞ்சுது? அன்னியிலேர்ந்து அவரைப் பார்க்கறப்ப எல்லாம் தூண் பின்னாடி ஒளிஞ்சிருக்கேன். ஒரு தடவைகூடப் போய்ப் பேசினதில்ல. மன்றத் தலைவி!

லிஃப்ட்காரர்: அதனாலதானா? நாங்க உங்களுக்குக் கூச்சம்னு நினைச்சோம். என்கிட்ட எவ்வளவு நல்லாப் பேசினார் தெரியுமா? கை கொடுக்கப் போனேன். என்னை உத்துப் பார்த்தார். "நீ ரெண்டாவது வரிசையில லேட்டாக் கைதட்டற ஆள்தானே?"ன்னார்.

நர்ஸ்: உனக்கு அது பெருமை.

லிஃப்ட்காரர்: பின்ன? ஆயிரம் கையில என் கையைக் கண்டுபிடிச்சிருக்காரே! யாருக்குக்கா வரும்? குச்சி கை நழுவித் தப்பான டிரம்ல பட்டுட்டா, அந்த டிரம்கிட்ட "சாரி"ன்னு சொல்ற மனுஷன் அவர்.

நர்ஸ்: ஆமாடா... பாத்ரூம் செருப்போட மேடைக்கு வந்து நிப்பார்.

லிஃப்ட்காரர்: "ஒண்ணு, ரெண்டு, மூணு" எண்ணுவார். நாலுன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. நாலுக்கு அடிதான்.

நர்ஸ்: அழ வைக்காதே. எனக்கு இப்ப அழுகை இல்ல, பயம். அண்ணி நாலு மணிக்கு இங்கே வர்றாங்க. நான் சொல்லிடப் போறேன்.

லிஃப்ட்காரர்: என்னத்தை?

நர்ஸ்: எல்லாத்தையும். மேடை ஏறறதுக்கு முன்னாடி அவங்களுக்குத் தெரியணும்.

லிஃப்ட்காரர்: வேணாம்க்கா! சொல்லவே சொல்லாதீங்க. இருபத்திரண்டு வருஷம் தாங்கினது இன்னும் ரெண்டு மணி நேரம் தாங்காதா?

நர்ஸ்: உனக்கு ஏன்டா இவ்வளவு பதட்டம்? ஒட்டினது நான்.

லிஃப்ட்காரர்: இல்ல... நான்தானே வாசிக்கணும். பேஸ்காரர் ஏற்கெனவே என்னை முறைக்கிறார். பேண்டுல இல்லாத ஒருத்தன் அண்ணன் ஸ்டூல்ல உட்கார்றான்னு. இதுவும் தெரிஞ்சா, மூச்சு வேணாம், ரெக்கார்டுல இருக்கற மாதிரி வாசின்னு சொல்லிடுவாங்க. முந்நூறு பேர் கையைத் தூக்கிட்டு நிப்பாங்க, நான் நடுவுல டும்முனு...

நர்ஸ்: உஷ்! யாரோ தட்டறாங்க.

அண்ணி: உள்ளே வரலாமா? எதுக்குக் கதவுக்குப் பின்னாடி நாற்காலி போட்டு வச்சிருக்கீங்க?

லிஃப்ட்காரர்: காத்து அண்ணி! காத்துல கதவு ஆடுது.

அண்ணி: ஜன்னலே இல்லாத ரூம்ல காத்தா? சரி, பரவாயில்ல. சிஸ்டர், வாங்க. உங்களை நேர்ல பார்க்கறது இதுதான் முதல் தடவை. அவர் உங்களைத் தூண் சிஸ்டர்னு சொல்லுவார்.

நர்ஸ்: தூ... தூணா?

அண்ணி: "ஒவ்வொரு கச்சேரியிலயும் ஒரு அம்மா தூண் பின்னாடி நின்னு பார்க்கறாங்க. நான் எங்கயாவது கடன் வாங்கியிருக்கேனா, ஞாபகப்படுத்து"ன்னு என்னைக் கேட்டிருக்கார்.

லிஃப்ட்காரர்: ஹ... ஹஹ...

நர்ஸ்: சிரிக்காதே.

அண்ணி: இந்தாங்க தம்பி, அவர் குச்சி. இதுல ஒண்ணு கொஞ்சம் கோணல். அவர் இடது கைக்கு அதைத்தான் வச்சுக்குவார். உட்காருங்க. இந்த மேஜையில தட்டிக் காட்டுங்க, குடைப் பாட்டு, மூணாவது சரணம் மட்டும். நான் கேட்டுட்டுப் போய்ப் புடவை மாத்தணும்.

லிஃப்ட்காரர்: இப்பவா?

அண்ணி: அஞ்சு மணிக்கு முந்நூறு பேர் முன்னாடி வாசிக்கப் போறவர், என் ஒருத்தி முன்னாடி வாசிக்க மாட்டீங்களா?

லிஃப்ட்காரர்: வாசிக்கறேன்... வாசிக்கறேன். ஒண்ணு, ரெண்டு, மூணு... டும் டக்கு டும்டும் டக்கு... டும் டக்கு டும்டும் டக்கு... டும் டக்கு டும்டும்...

அண்ணி: நிறுத்துங்க, நிறுத்துங்க. என்ன இது?

லிஃப்ட்காரர்: வேகம் போயிடுச்சா அண்ணி?

அண்ணி: வேகம் எல்லாம் சரி. மூச்சு எங்கே?

லிஃப்ட்காரர்: மூச்சு... இன்னிக்கு வேணாமோன்னு...

அண்ணி: வேணாமா? அழைப்பிதழே அதுக்குத்தான் அடிச்சிருக்கீங்க! சிஸ்டர், என்ன ஆச்சு இவருக்கு? நீங்க ஏன் இப்படி வெளிறிப் போய் நிக்கறீங்க? தண்ணி குடிக்கறீங்களா?

லிஃப்ட்காரர்: அக்காவுக்குக் காலையிலேர்ந்தே வயிறு சரியில்ல அண்ணி.

நர்ஸ்: என் வயிறு நல்லாத்தான் இருக்கு. அண்ணி, நான் ஒண்ணு சொல்லணும்.

லிஃப்ட்காரர்: அக்கா...

நர்ஸ்: நீ சும்மா இரு. அண்ணி, அந்த மூச்சு அண்ணனோடது இல்ல. என் கேசட்டை டேப் ரெக்கார்டர் சவைச்சுடுச்சு. வெட்டிட்டுப் பிளாஸ்திரி போட்டு ஒட்டினேன். ஊரே அதைக் கேட்டு அண்ணன் வச்சதுன்னு நம்பிடுச்சு. நானும் வாயைத் திறக்கல. அவர் போனப்பறம் தினமும் நினைச்சுக்கறேன், உயிரோட இருக்கறப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்னு. என்னை மன்னிச்சுடுங்க. மைக் முன்னாடி நிக்கற தகுதி எனக்கு... அண்ணி? அண்ணி, அழாதீங்க. ஐயோ, நான் இப்படிப் போட்டு உடைச்சிருக்கக் கூடாது...

லிஃப்ட்காரர்: அக்கா, அவங்க அழல.

அண்ணி: ஹஹ்... ஹஹஹா... இருங்க... இருங்க சிஸ்டர்... மூச்சு வாங்குது... பிளாஸ்திரியா! நாங்க ரெண்டு பேரும் ஸ்டிக்கர்னு நினைச்சோம்!

நர்ஸ்: நாங்கன்னா?

அண்ணி: நானும் அவரும்தான்! உட்காருங்க, சொல்றேன். இங்கே நடந்த முதல் கச்சேரி முடிஞ்சு வந்தார். முகமே சரியில்ல. என்னங்கன்னு கேட்டேன். "குடைப் பாட்டுல நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன். மூணாவது சரணத்துல எல்லாரும் ஒரே நேரத்துல கையைத் தூக்கி நிறுத்திட்டாங்க. சத்தமே இல்ல. நான் மட்டும் நடுவுல லூசு மாதிரி அடிச்சுகிட்டு இருந்தேன்"னார்.

லிஃப்ட்காரர்: அவர் தப்பா!

அண்ணி: ராத்திரி சாப்பிடாம ரெக்கார்டை நாலு தடவை போட்டுக் கேட்டார். "எங்கே விட்டேன், எங்கே விட்டேன்"னு. ஒண்ணும் கிடைக்கல. அடுத்த கச்சேரியில பேண்டு ஆளுங்களைக் கெஞ்சி, உங்க கை எழும்பற நேரம் பார்த்து, ஒரு அடியை விட்டார்.

நர்ஸ்: நாங்க கையைத் தூக்கினதாலயா... அவர் விட்டார்?

அண்ணி: கூட்டம் கொண்டாடின கொண்டாட்டத்தைப் பார்த்துட்டு, வீட்டுக்குச் சின்னப் பையன் மாதிரி குதிச்சுகிட்டு வந்தார். இதோட விட்டிருக்கலாம். மறுநாள் பத்திரிகைக்காரர் ஒருத்தர் போன் பண்ணி "அந்த அபாரமான மௌனம் எப்படித் தோணுச்சு?"ன்னு கேட்டுட்டார். இவரும் தொண்டையைச் செருமிகிட்டு, "பதினாலு மாசம் யோசிச்சு விட்ட அடி அது"ன்னு சொல்லிட்டார்.

லிஃப்ட்காரர்: அந்தப் பேட்டியை நான் லேமினேட் பண்ணி வச்சிருக்கேனே! லிஃப்ட் ரூம்ல மாட்டியிருக்கேன்!

அண்ணி: தெரியும் தம்பி. யாரோ போட்டோ எடுத்து அனுப்பினாங்க. அதைப் பார்த்துட்டு ரெண்டு நாள் தலையில அடிச்சுகிட்டார்.

நர்ஸ்: கேசட் விஷயம் எப்படித் தெரிஞ்சுது?

அண்ணி: மறு வருஷம் கையெழுத்து வாங்கறதுக்கு ஒருத்தர் கொடுத்த கேசட் இவர் சட்டைப் பையிலேயே வீட்டுக்கு வந்துடுச்சு. சமையல் மேடையில வச்சுப் போட்டுக் கேட்டோம். அந்த இடம் வந்துச்சு. ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். இவர் சிரிச்சு சிரிச்சு, கையில இருந்த பால் பாத்திரத்தைக் கவிழ்த்துட்டார். அப்புறம் சட்டுனு பயந்துட்டார். "ஐயையோ, இது அவங்களுக்குத் தெரிஞ்சா? இவன் நம்ம கேசட்டைப் பார்த்துக் காப்பியடிச்சுட்டு, பதினாலு மாசம்னு கதை விட்டான்னு காறித் துப்புவாங்களே!"

நர்ஸ்: அவர் எங்களுக்குப் பயந்தாரா?

அண்ணி: குறிப்பா உங்களுக்கு! "தூண் சிஸ்டருக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு. அதான் அப்படிப் பார்க்கறாங்க"ன்னு உங்க பக்கம் திரும்பவே மாட்டார்.

நர்ஸ்: ஐயோ... நான் அவருக்குப் பயந்து ஒளிஞ்சேன், அவர் எனக்குப் பயந்து திரும்பிகிட்டாரா? இருபது வருஷமா?

அண்ணி: நடுவுல மாட்டிகிட்டது பேஸ்காரர்தான். எங்க வீட்டுக்கு வர்றப்ப எல்லாம் "பாட்டை எழுதினது நாமளா, அவங்களா?"ன்னு கத்துவார். ஆனா மூச்சை மட்டும் ஒரு நாளும் தவற விட்டதில்ல. இன்னிக்கும் கரெக்டா நிறுத்துவார், கவலைப்படாதீங்க.

லிஃப்ட்காரர்: அப்ப மூச்சு உண்டு?

அண்ணி: மூச்சு இல்லாம என்ன கூட்டம்? சிஸ்டர், நீங்க மைக்ல போய் இதை அப்படியே சொல்லணும். பிளாஸ்திரி, பத்திரிகை, பால் பாத்திரம், எல்லாம். அவர் வெக்கப்பட்டு மறைச்சது. இப்ப அவருக்கென்ன வெக்கம்? முந்நூறு பேரும் சிரிக்கட்டும். அவருக்கு அதுதான் பிடிக்கும்.

நர்ஸ்: சொல்றேன் அண்ணி. இப்ப சொல்ல முடியும்.

அண்ணி: ஆனா ஒண்ணு கேட்கணும். அன்னிக்கு அந்தக் கேசட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுட்டு அவர் சொன்னார்: "மிஷின் சவைச்சா இப்படிப் போகாது. அடி தொடங்கற இடத்துல தொடங்குது, முடியற இடத்துல முடியுது. மயிரிழை பிசகல. இதை வெட்டின ஆளுக்குத் தாளம் தெரியும். யாருன்னு தெரிஞ்சா பக்கத்துல உட்கார வச்சு வாசிக்கச் சொல்லுவேன்." கடைசி வரைக்கும் அந்த ஆளைத் தேடிகிட்டே இருந்தார். நீங்க டிரம்ஸ் வாசிப்பீங்களா சிஸ்டர்?

நர்ஸ்: நானா? எனக்குச் சரியாக் கைதட்டவே வராது. என் கல்யாணத்துல மேளத்துக்குத் தலையாட்டினப்போ, "பொண்ணுக்கு உடம்பு சரியில்லையா"ன்னு மாமியார் கேட்டாங்க.

அண்ணி: பின்ன எப்படி அவ்வளவு கச்சிதமா வெட்டினீங்க?

நர்ஸ்: கசங்கின இடத்தை வெட்டினேன். கத்தரிக்கோல் போன போக்கு. குருட்டு அதிர்ஷ்டம்தான் அண்ணி. எதுவா இருந்தா என்ன, எல்லாம் என் ஒருத்தி வேலைன்னு மைக்ல ஒப்புக்கறேன்.

லிஃப்ட்காரர்: அப்படிச் சொல்லாதீங்கக்கா.

நர்ஸ்: இன்னும் என்னடா உனக்கு? அண்ணியே சொல்லச் சொல்லிட்டாங்க.

லிஃப்ட்காரர்: இல்ல... ஒருத்தி வேலைன்னு மட்டும்...

அண்ணி: தம்பி, அந்தக் குச்சியை ஏன் அப்படி முறுக்கறீங்க? அது ஏற்கெனவே கோணல்.

நர்ஸ்: டேய்... என்னைப் பார்த்துச் சொல்லு.

லிஃப்ட்காரர்: காப்பி போடறப்போ உங்க பிளாஸ்திரி பிஞ்சு என் கையோட வந்துடுச்சுக்கா. நீங்க வெட்டினது ஒரு அடிகூட இல்ல, அரை அடிதான், அதுவும் நட்ட நடுவுல. பாட்டுக்கு விக்கல் எடுத்த மாதிரி இருந்துச்சு. மன்றத்துக்கு இப்படி ஒரு காப்பியைக் கொடுக்க எனக்கு மனசு வரல. டேப்பை விரலால இழுத்து இழுத்து, அடி எங்கே தொடங்குது எங்கே முடியுதுன்னு விடிய விடிய கேட்டு, ரெண்டு பக்கமும் இன்னும் கொஞ்சம் வெட்டினேன். கட்டை விரல் காயத்துல இருந்த பிளாஸ்திரியையே உரிச்சு ஒட்டினேன். திருப்பிக் கொடுக்கறப்போ உங்ககிட்ட சொல்லிடணும்னுதான் வந்தேன்... நீங்க போட்டுக் கேட்டுட்டு, என் முகத்தைப் பார்க்காம, "அண்ணன் எவ்வளவு அழகா ஒரு அடியை விட்டிருக்கார் பாருடா"ன்னு சொன்னீங்க. ஒட்டினதை மறைக்கத்தான் அப்படிச் சொல்றீங்கன்னு புரிஞ்சுது, நான் என்னக்கா பண்ணுவேன்? "ஆமாக்கா, அவர் மேதை"ன்னு சொல்லிட்டேன்.